முதுகில் மூன்று பொக்கட்

விளையாட்டுச் சாமான் கடையில் வேலை செய்வதற்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம்; விலையைக் கேட்ட மனிதரின் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிக்காமல் நிற்கத் தெரிந்தால் போதும். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் வெள்ளவத்தையில், காலி வீதியில், நான் அப்படி நின்றவள். கரம் போர்ட், பட்மின்டன் ராக்கெட், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கொடுக்கிற வெள்ளிக் கிண்ணம் எல்லாம் விற்றிருக்கிறேன். ஒன்றாலும் எனக்கு ஒரு கரைச்சலும் வரவில்லை. என்னைத் திடுக்கிட வைத்துக்கொண்டே இருந்தது சைக்கிள் ஓடும்போது போடுகிற ஒரு மேற்சட்டைதான். அதற்கு ஜேர்சி என்று பெயர். விலை கூடிய ஜேர்சி கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று இப்போது யாராவது சாதாரணமாகக் கேட்டாலும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கும், அந்த நாட்களில் கொழும்பில் ஏன் இருக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே களைத்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது உடனே விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இத்தாலிப் பெட்டி

கடை முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் சொந்தக்காரர் சொன்னால் எதையும் நம்புவார். சிங்கப்பூரில் இருந்த அவருடைய மச்சான், பெற்றோல் விலை ஏறுகிற ஏற்றத்துக்கு இனிக் கொழும்பில் எல்லோரும் சைக்கிள்தான் ஓடப்போகிறார்கள் என்று சொல்லி, இத்தாலியில் தைத்த ஜேர்சிகளை ஒரு பெரிய பெட்டி நிறைய அனுப்பிவிட்டார். பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து விரித்தேன். கையில் கனமே இல்லை. கழுத்திலிருந்து சிப், உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற துணி, முதுகின் அடியில் வரிசையாக மூன்று பொக்கட். விலைத் துண்டைப் பார்த்தேன். பூச்சியம் ஒன்று கூடிவிட்டது என்று நினைத்து ஹாஜியாரிடம் காட்டினேன். கூடவில்லையாம். என் மாதச் சம்பளத்தில் பாதி ஒரு சட்டைக்கு. பக்கத்து றாக்கையில், இரத்மலானைப் பக்கம் தைத்து வருகிற சாதாரண ஜேர்சி பாவம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தாலிக்காரன் ஒன்றின் விலைக்கு அதில் ஒரு குடும்பத்துக்கே வாங்கிவிடலாம்.

எனக்கு இதில் என்ன கவலை என்று கேட்பீர்கள். ஹாஜியாரின் மகனுக்கு இந்தக் கடை கண்ணிலும் காட்டக்கூடாது. வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கொமினிகேஷன் கடைகள் அப்போது வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒன்று திறந்துகொண்டிருந்தன. இதையும் அப்படி ஆக்கிவிட்டு, தன் மனைவியைக் கல்லாவில் இருத்துவது அவருடைய திட்டம். அப்படி நடந்தால் எனக்கு வேலை இல்லை. வடக்கிலிருந்து வந்து கொழும்பில் அறை எடுத்திருப்பவர்கள் பொலிஸில் பதிந்து, இங்கே இருக்கக் காரணமும் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. எனக்கும், என்னோடு இருந்து படித்துக்கொண்டிருந்த தங்கச்சிக்கும் சேர்த்து இருந்த ஒரே காரணம் இந்த வேலைதான். வேலை போனால் அறை போகும். அறை போனால் அவளுடைய படிப்புப் போகும், இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் ஹாஜியாருக்கும் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பாராமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"புள்ள, பெருநாளைக்குள்ள இந்தப் பெட்டி காலியாகணும். இல்லாட்டி மகன் செல்ற மாதிரி கடையக் கொமினிகேஷன் ஆக்கிட்டு, நானும் வீட்டுல சும்மா குந்திட்டு ஈக்கிறதுதான்."

வியர்வைக்கு ஒரு விலை

முதலாவதாக அகப்பட்டவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த கணக்காளர் ஐயா. கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம் என்று டொக்டர் சொல்லி, தினமும் விடியக் கடற்கரைப் பக்கமாகச் சைக்கிள் ஓடுபவர். நான் பெட்டியோடு வந்த தாளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இந்தத் துணி வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும், உடம்பு காய்ந்தபடி இருக்கும், காற்றில் படபடக்காது, சாதாரண ஜேர்சி நனைந்தால் கல்லுப்போலத் தொங்கும் என்று மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். ஐயா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். வெளியே தள்ளுகிற வியர்வை பிறகு எங்கே போகிறது என்று கேட்டார். காற்றில் போகும் என்றேன். வெள்ளவத்தைக் காற்றில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். அதற்குத் தாளில் பதில் இல்லை.

பிறகுதான் விலையைக் கேட்டார். சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்கும் அளவுக்கு முகம் வெளிறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு என் கையால் ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்று நடுங்கிப்போனேன். ஒருவாறு எழும்பி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்று சொன்னார்.

"டொக்டர் என்னை வியர்க்கச் சொல்லித்தான் சைக்கிள் ஓடச் சொன்னவர் பிள்ளை. நீர் அதை நிப்பாட்டுறதுக்குக் காசு கேக்கிறீர்."

மஞ்சளும் கறுப்பும்

பெட்டியின் அடியில் ஆறு ஜேர்சிகள் நல்ல மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டு இருந்தன. எல்லாவற்றிலும் வடிவானவை அவைதான். நானும் யோசிக்கவில்லை, ஹாஜியாரும் யோசிக்கவில்லை, முன்னுக்கே தொங்கவிட்டோம். வங்கியில் வேலை செய்கிற ஒரு தம்பி புதுமனைவியோடு வந்து, அதைத்தான் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாட்களில் புலியைப் போல மஞ்சளில் கறுப்பு வரி போட்ட தமிழ் இளைஞன் ஒருவன் காலி வீதியில் இறங்கி நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கடைக்குள் நின்றவர்கள் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் மட்டும் கண்ணாடியில் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி அவரை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, வடிவாகத்தான் இருக்கிறது, போடுவதென்றால் போடுங்கோ, ஆனால் றோட்டில் என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதேங்கோ என்றார்.

அன்றைக்கே ஆறையும் சுருட்டி ஒளித்தோம். ஹாஜியாருக்கு மனம் கேட்கவில்லை. கிராண்ட்பாஸில் தனக்குத் தெரிந்த ஒருவர் துணிக்குச் சாயம் போடுவார், நீலத்தில் தோய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு கிழமை கழித்துப் பார்சல் வந்தது. அவிழ்த்த ஹாஜியார் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். மஞ்சளில் நீலம் ஏறினால் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திட்டுத் திட்டாகக் கடும் பச்சை, இடையிடையே கறுப்பு. அசல் இராணுவச் சீருடை. அதைக் கடையில் வைத்திருந்தாலே உள்ளே தூக்கிப் போடுவார்கள். கதவைச் சாத்திவிட்டு இருவருமாகக் கத்தரிக்கோல் எடுத்து, ஆறையும் தூசு துடைக்கிற துண்டுகளாக வெட்டினோம். வெட்டிக்கொண்டிருந்த ஹாஜியார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"முந்தி அவங்கட கலர், இப்ப இவங்கட கலர். எங்களுக்கெண்டு ஒரு கலரும் இல்லியா புள்ள?"

மடிப்புக் குலையாத மனிதர்

கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்த ஒருவர் கடைசியில் ஒன்றை வாங்கினார். லொட்ஜில் தனியாக இருப்பவர். அவருடைய சேர்ட்டில் மடிப்பு ஒருநாளும் குலைந்து நான் கண்டதில்லை. இத்தாலியன் என்றதும் மறுபேச்சில்லாமல் காசை வைத்தார். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் படவில்லை. அறைக்குப் போகும் வழியில் தங்கச்சிக்கு மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் அவர் ஒரு பேப்பர் பார்சலோடு வந்து நின்றார். வாங்கி விரித்துப் பார்த்தேன். ஜேர்சியின் நடு முதுகில் அயர்ன் பொக்ஸின் வடிவத்திலேயே ஒரு ஓட்டை. துணி உருகி, ஓரமெல்லாம் கறுப்பாகச் சுருண்டிருந்தது. அவருடைய பழைய பருத்தி ஜேர்சி எத்தனையோ வருடமாக அதே அயர்ன் பொக்ஸைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கிறதாம். விலையில் அவ்வளவு கூடியது ஒரு சூட்டுக்குத் தாங்காதா என்று கேட்டார். சைக்கிள் ஓடுகிற உடுப்பை ஏன் ஐயா அயர்ன் பண்ணினீர்கள் என்று நான் கேட்டதுதான் தாமதம், நான் ஏதோ கூடாத வார்த்தை சொன்னது போலப் பார்த்தார்.

"இவ்வளவு விலை குடுத்து வாங்கினதை அயர்ன் பண்ணாமப் போட்டுக்கொண்டு திரிஞ்சால், பாக்கிற சனம் என்ன பிள்ளை நினைக்கும்?"

பின்னால் போன கை

இந்த ஜேர்சியின் அருமை தெரிந்து வாங்கியவர் என்றால் அன்ரன் ஒருவர்தான். கொட்டாஞ்சேனைப் பெடியன். கோயில் திருநாளுக்கு வைக்கிற சைக்கிள் ஓட்டத்தில் பரிசு எடுப்பவர். துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை. வேலைக்குப் போக முதல் தினமும் கொட்டாஞ்சேனையிலிருந்து மொறட்டுவை வரை ஓடிவிட்டுத் திரும்புவார். பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். மறுநாளே வந்து, அக்கா, உடம்பில் ஒன்றுமே போடாத மாதிரி இருக்கிறது, வெயில் ஏறியும் முதுகு நனையவில்லை, சாதாரணத்துக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லிவிட்டுப் போனார். தாளில் இருந்தது பொய்யில்லை என்று நான் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை அவர் வந்தபோது நாடியில் தோல் உரிந்திருந்தது, முழங்கையில் பிளாஸ்டர். விழுந்துவிட்டீரா என்று கேட்டேன். இல்லை என்றார். காலி வீதியில், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் அவரை மறித்திருக்கிறார்கள். வழக்கமாக அன்ரன் சேர்ட்டோடுதான் ஓடுவார். அடையாள அட்டை நெஞ்சுப் பொக்கட்டில் இருக்கும், இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு இந்த ஜேர்சி. பொக்கட் மூன்றும் முதுகில். ஐடென்டி என்று கேட்டதும் கை தன்பாட்டில் பின்னால் போயிருக்கிறது.

உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறதோ, எனக்கும் அப்படித்தான் இருந்தது. துவக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெடியன் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோகலாமா? காவலுக்கு நின்றவனுக்கும் இவருடைய வயதுதான் இருக்குமாம். கத்தியிருக்கிறான், துவக்கு லோட் ஆகிற சத்தம் கேட்டிருக்கிறது, பஸ்ஸுக்கு நின்ற சனம் அப்படியே நிலத்தில் படுத்துவிட்டது. அடுத்த கணம் அன்ரன் தார் றோட்டில் குப்புறக் கிடந்தார், முதுகில் பூட்ஸ் கால். அந்தக் காலை எடுத்துவிட்டு மூன்று பொக்கட்டையும் இழுத்துப் பார்த்தார்கள். அடையாள அட்டை, குளுக்கோஸ் பக்கற், ரியூப் ஒட்டுகிற பசை. போகச் சொல்லிவிட்டார்கள். அதே சட்டைகள் எனக்குப் பின்னால் அடுக்கடுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தன. அன்ரன் அவற்றைப் பார்த்தார்.

"உடுப்பில ஒரு குறையும் இல்லை அக்கா. ஆனா இதைத் தைச்சவனிட்ட ஒருத்தரும் ஒருநாளும் ஐடென்டி கேட்டிருக்கமாட்டாங்கள்."

நெஞ்சுக்கு வந்த பொக்கட்

அவர் போனபின் எனக்கு வேலை ஓடவில்லை. இப்படி ஒரு சாமானை யாரிடம் விற்பது? விற்காமல் விட்டால் என் கதி என்ன? மூன்றில் ஒரு பொக்கட்டை முதுகிலிருந்து கழற்றி நெஞ்சில் வைத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. ஹாஜியாரிடம் சொன்னேன். யோசித்தார், சரி என்றார். பக்கத்து ஒழுங்கையில் இருந்த டெய்லர் மாஸ்டரிடம் ஒன்றைக் கொண்டுபோனேன். விலையைக் கேட்டதும் மாஸ்டர் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டார். பிழைத்தால் தன் மெஷினை விற்றாலும் கட்டாது என்றார். நான் நின்று கெஞ்சிக் கூத்தாடி வெட்ட வைத்தேன். நடுப் பொக்கட் நெஞ்சின் இடப்பக்கம் வந்தது. அடையாள அட்டை வெளியிலேயே தெரியட்டும் என்று முன்பக்கத்துக்குக் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக்கும் வைத்துத் தைத்தார். இனிக் கையை எங்கும் கொண்டுபோகத் தேவையில்லை. நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும்.

முன் பொக்கட் உண்டு என்று ஒரு மட்டையில் தமிழில் மட்டும் எழுதி வாசலில் வைத்தேன். இத்தாலிக்காரன் கண்டால் அழுதிருப்பான். ஆனால் சனம் வந்தது பாருங்கள், எனக்கு நம்பவே முடியவில்லை. விலையைக் கேட்டு ஒருவரும் ஸ்டூலில் உட்காரவில்லை. வியர்வை எங்கே போகும் என்று கேட்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து, பம்பலப்பிட்டியிலிருந்து, கொட்டாஞ்சேனையிலிருந்தெல்லாம் வந்தார்கள். சைக்கிளே இல்லாத ஒருவர் நடக்கப் போகும்போது போடலாம் என்று வாங்கிப் போனார். பெட்டி பாதிக்கு வந்ததும் ஹாஜியார் துணிந்து மிச்சம் எல்லாவற்றுக்கும் முன் பொக்கட் வைக்கச் சொல்லிவிட்டார். கம்பஸுக்குப் போகிற மகனுக்கு வாங்க வந்த ஒரு அம்மாவிடம் அளவு என்ன என்று கேட்டேன். அவர் ஜேர்சியைப் பார்க்கவில்லை. வாசல் வரை போய் நின்று, அங்கிருந்து என் கையில் இருந்த பொக்கட்டைப் பார்த்தார்.

"அளவு முன்னப்பின்ன இருந்தாலும் பாதகமில்லைப் பிள்ளை. பொக்கட் தூரத்தில வரேக்கையே தெரியோணும்."

தூரத்திலேயே தெரிந்தது

தெரிந்துதான் விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓடுகிறவர்கள் ஒரு கூட்டமாகத் தெற்குப் பக்கம் போவது வழக்கம். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாம் கலந்துதான் போவார்கள். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக் குனிந்து ஓடும்போது யார் எவர் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஞாயிறு பாலத்தடியில், காவலுக்கு நின்றவர் கையை நீட்டி, கூட்டத்தை ஓடவிட்டுக்கொண்டே மூன்று பேரை மட்டும் ஓரமாக வரச் சொல்லியிருக்கிறார். ஒருவரிடமும் அட்டை கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. மூன்று பேரின் நெஞ்சிலும் எங்கள் கடைப் பொக்கட். அதில் ஒருவர், தன் ஜேர்சிக்கும் முன் பொக்கட் வைப்பித்திருந்த அன்ரன். மத்தியானம் தாண்டும் வரை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் விட்டார்களாம்.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே வாசலில் ஆட்கள். பொக்கட்டைக் கழற்றித் தா என்று சிலர், காசைத் தா என்று சிலர். கழற்றினால் துணியில் தையல் ஓட்டை வரிசையாகத் தெரியும். அது பொக்கட்டை விட மோசம். நான் தமிழ்ச் சனத்தை எல்லாம் தேடிப் பிடித்து, நெஞ்சில் ஒரு முத்திரை குத்தி, அதற்கு அவர்களிடமே விலையும் வாங்கியிருக்கிறேன் என்று நினைக்க எனக்கு உடம்பெல்லாம் விறைத்தது. பாதிப் பெட்டி இன்னும் இருந்தது, எல்லாம் முன் பொக்கட்டோடு. பின்னேரம் அவருடைய மகன் அளக்கிற ரேப்போடு வந்து, ரெலிபோன் கூண்டு எத்தனை கொள்ளும் என்று சுவரை அளந்தார். நான் நிற்கிற இடத்தையும் அளக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ என்றார். அன்று அன்ரன் காசு கேட்டு வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முந்தி ஐடென்டியைப் பாத்துத்தான் அக்கா தமிழன் எண்டு பிடிச்சவங்கள். இப்ப அந்தக் கரைச்சலும் அவங்களுக்கு இல்லை."

நுகேகொடையிலிருந்து வந்தவர்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களும் என்னைப் போல நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பெருநாளுக்கு முன் பெட்டி காலியானது. மகன் ரேப்பைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போனார். எனக்கு வேலை இருந்தது, பொலிஸில் சொல்லக் காரணம் இருந்தது, தங்கச்சி படித்து முடித்தாள். ஒரு மாதத்துக்குள் பாலத்தடியால் போகிற சைக்கிள்காரரில் பாதிப் பேருக்கு நெஞ்சில் பொக்கட் இருந்தது. அதைப் பார்த்து ஆளைப் பிரிக்கிற வேலை அதோடு நின்றது. இவ்வளவும் ஒரே ஒரு சிங்கள ஐயாவால், அவர்கள் பேச்சில் மாத்தையாவால், நடந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. அவர் சொன்ன ஒரு வசனத்தை.

நுகேகொடைப் பக்கம் ஒரு சைக்கிள் கழகம் நடத்துபவர், நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். போட்டிக்குக் கிண்ணம் வாங்க வந்தார். வந்தவருடைய கண் தொங்கிக்கொண்டிருந்த ஜேர்சியில் போனது. கையில் எடுத்தார், திருப்பினார், துணியைத் தடவியதுமே அசல் என்று தெரிந்துகொண்டார். முன் பொக்கட்டைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இது இத்தாலியில் புதிதாக வந்த மோஸ்தரா என்று சிங்களத்தில் கேட்டார். பின்னால் கையைவிட்டுத் துழாவாமல் ஓடிக்கொண்டே வாழைப்பழம் எடுக்கலாம், எவ்வளவு நல்ல யோசனை, கழகத்தில் எல்லோருக்கும் வேண்டும், எத்தனை இருக்கிறது என்று கேட்டார். ஹாஜியார் பின்னால் நின்று என் முதுகில் மெதுவாகத் தட்டினார். பேசாமல் கட்டிக் கொடு என்று அர்த்தம்.

கட்டிக் கொடுத்திருக்கலாம். என் அறை, தங்கச்சியின் படிப்பு எல்லாம் அந்தக் கடதாசிப் பைக்குள் இருந்தன. ஆனால் நாடி உரிந்த அன்ரனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. இன்னொரு தாயின் பிள்ளையை என் பொக்கட்டுக்காக ஓரமாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்தையா, இது இத்தாலியில் தைத்ததில்லை, பக்கத்து ஒழுங்கையில் தைத்தது. வாழைப்பழத்துக்கு இல்லை, அடையாள அட்டைக்கு. அட்டையை எடுக்கக் கை பின்னால் போனால் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் முன்னால் வைத்தோம். இப்போது இந்தப் பொக்கட்டைக் கண்டால் தமிழன் என்று மறிக்கிறார்கள். உங்கள் ஆட்களையும் மறிக்கலாம், யோசித்து வாங்குங்கள் என்றேன். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. முகத்தில் உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது. ஜேர்சியைக் கையில் வைத்துக்கொண்டே, நான் சொன்னதில் எங்கேயோ ஒன்று விளங்காதவர் போல என்னைப் பார்த்தார். வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினார். பிறகு மிச்சம் இருந்த அத்தனையையும் கட்டச் சொன்னார். மறிப்பார்களே மாத்தையா, அப்போது உங்கள் கழகப் பிள்ளைகள் அட்டையை எங்கே வைத்திருப்பார்கள் என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சமும் பெருமையில்லாமல், நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன். அந்தக் கடையில் நான் எத்தனையோ தரம் திடுக்கிட்டிருக்கிறேன், இதற்குத்தான் என் கை பார்சல் கட்டிய நூலோடு அப்படியே நின்றது.

"ஐடென்டியா தங்கச்சி? சைக்கிளில் போகும்போது அதை நான் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். மறித்தால் பெயரைச் சொல்வேன், போகச் சொல்வார்கள்."

ஆகவே விலை கூடிய ஜேர்சி கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்கிறவர்களுக்கு, சொன்னதும் போகவிடுகிற பெயர் உள்ளவர்களுக்கு நிச்சயமாகத் தகும் என்றும், எங்களுக்குப் பழைய சேர்ட்டே போதும் என்றும் அனுபவத்தில் சொல்லிக்கொள்கிறேன்.